எண்ணூர் குப்பங்களில் ஒரு காலை: எங்கே தொடங்குவது, எதைக் காட்டுவது?

பெரம்பூர்வாசி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. வரலாறு படிக்கும் மாணவர்கள் 12 பேர். ஒரு ஞாயிறு காலை, மிஞ்சிப் போனால் ஐந்து மணி நேரம். வடசென்னையில் ஒரு மீனவக் குப்பத்தை அவர்களுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். யாரைக் கேட்டாலும் பழவேற்காடு என்கிறார்கள். டச்சுக்காரர் கல்லறையும் ஏரியும் இருக்கிற ஊர், மறுப்பில்லை. ஆனால் போய் வருவதற்கே பாதி நாள் கழிந்துவிடும். அதனால் எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று யோசனை.

எத்தனை மணிக்குப் போனால் படகு கரையேறுவதைப் பார்க்கலாம்? கட்டுமரம் என்று ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? போட்டோ எடுத்தால் சண்டைக்கு வருவார்களா? மீன் அங்கேயே வாங்கலாமா, இல்லை திரும்பும் வழியில் காசிமேடு மீன்பிடித் துறைமுகமா? கடைசியாக ஒன்று. கோட்டை, கல்வெட்டு, பழைய கட்டடம் எதுவும் இல்லாத ஊரில் "பாரம்பரியம்" என்று எதைக் கைகாட்டுவது? மாணவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

---

முகத்துவாரம் எழுதியது:

முதலில் போக்குவரத்து. பெரம்பூரிலிருந்து லோக்கல் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்குங்கள். அங்கே கும்மிடிப்பூண்டி லோக்கல் மாறினால் கத்திவாக்கம், அடுத்தது எண்ணூர். மெட்ரோவில் வருபவர்கள் விம்கோ நகரில் இறங்கி பஸ் அல்லது ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். ஞாயிறு விடியற்காலையில் மெட்ரோவை நம்ப வேண்டாம், லோக்கல்தான் சரி.

சூரிய உதயம் மாதத்தைப் பொறுத்து 5.40 முதல் 6.35 வரை. அதற்குக் கால் மணி நேரம் முன்னால் நெட்டுக்குப்பம் கரையில் இருந்தால் போதும். இரவிலும் விடியலுக்கு முன்னாலும் வலை விடப் போன ஃபைபர் (கண்ணாடி நார்) போட்டுகள் பெரும்பாலும் 6 மணிக்கு மேல் ஒன்றொன்றாகக் கரையேறும். 9 மணிக்கெல்லாம் மீன் கரையை விட்டுப் போய்விடும். அதற்கப்புறம் போனால் வெயிலும் வலைக் குவியலும்தான். நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் நீளும் பழைய ஜெட்டி ஒன்று சிதைந்து நிற்கிறது. எல்லாரும் போட்டோ எடுக்கிற இடம் அதுதான். கரையிலிருந்தே எடுங்கள், மேலே ஏறவே கூடாது. காங்கிரீட் பெயர்ந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, பாசி வேறு.

நாள் குறிக்கும் முன் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவரிடம் பேசிவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. ஊரில் சாவு, கோயில் காரியம், ஊர்க்கூட்டம் என்றால் அன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். 12 பேரோடு போய் நின்றால் காலி மணலைத்தான் பார்ப்பீர்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளும் அப்படியே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001ல் 45 நாளாகத் தொடங்கி 2017ல் 61 ஆனது. அது விசைப்படகுக்கு. காசிமேடு அப்போது நிறுத்திவைத்த லாஞ்சுகளாக இருக்கும், குப்பத்து ஃபைபர் போட்டுகள் ஓடும். அந்த இரண்டு மாதத்தில் குப்பத்துக் கரையில் மீனுக்கு நல்ல விலை, கூட்டமும் அதிகம்.

போட்டோவைப் பற்றி: படகையும் வலையையும் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆளை எடுக்கும் முன் கேளுங்கள், பெண்கள் மீன் பிரிக்கிற இடத்தில் கட்டாயம் கேளுங்கள். 12 பேரும் ஒரே படகைச் சூழ்ந்து நின்றால் வேலை நின்றுவிடும். நான்கு நான்காகப் பிரித்து விடுங்கள். போட்டைக் கரைக்கு இழுக்கும்போது மாணவர்கள் கை கொடுத்தால் பேச்சு தானாகத் தொடங்கும். ஆனால் அலைக்கும் படகுக்கும் நடுவில் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்று இழுக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் அலை போட்டைத் தூக்கி அடித்தால் கால் முறியும்.

கழிப்பறைக்கு ஸ்டேஷனை விட்டால் நம்பகமான இடம் இல்லை. இதை மறந்துவிட்டுத்தான் எல்லாரும் அவதிப்படுவது.

---

வலைஊசி எழுதியது:

கட்டுமரம் பற்றிக் கேட்டதற்கு. அசல் மரக் கட்டுமரம் இன்று அபூர்வம். 2004 சுனாமியோடு போனது என்பார்கள், அது பாதி உண்மை. அதற்கு முன்பே ஃபைபர் வரத் தொடங்கியாகிவிட்டது. சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கொடுத்த படகுகளில் பெரும்பங்கு ஃபைபராக இருந்ததால் மாற்றம் ஒரேயடியாக முடிந்தது. ஆனாலும் மாணவர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால்தான் கரையில் கிடக்கிற மற்றதெல்லாம் புரியும்.

கட்டுமரத்தில் ஆணி கிடையாது. மூன்று, ஐந்து, ஏழு என்று மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டுவது. நடுமரம் நீளம், கொஞ்சம் தாழ்வாக உட்காரும். பக்கமரங்கள் அதை அணைத்துச் சற்று மேலே நிற்கும். அதனால் மேல்பரப்பு தட்டையாக இல்லாமல் ஆழமில்லாத தொட்டி மாதிரி இருக்கும், ஆள் மண்டியிட்டு உட்கார வசதி. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அணியத்தில் மரங்களைச் சேர்த்துக் கூராக்கி மேல்நோக்கித் திருப்பியிருப்பார்கள், அலையில் மூக்குப் புதையாமல் இருக்க. இரண்டு இடத்தில் கட்டு, முன் ஒன்று பின் ஒன்று, கட்டுகிற இடத்தில் குறுக்குக் கட்டை. மூன்று மரம் ஒருவர் இருவருக்கு. ஐந்துக்கு மேல் போனால் மூன்று நான்கு பேரும் வலையும் தாங்கும்.

மரம் எடை குறைந்ததாக இருக்க வேண்டும். அல்பீசியா, இலவம் மாதிரி. நன்றாகக் காய்ந்த அல்பீசியா ஒரு கன மீட்டர் சுமார் 300 கிலோதான். கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீரில் முங்கும், மிச்ச மிதப்பு முழுவதும் ஆளுக்கும் மீனுக்கும். ஆனால் இந்த மரம் பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். தொடர்ந்து கடலில் போட்டு ஓட்டினால் நாளுக்கு நாள் கனத்து, அமிழ்ந்து, துடுப்புக்கு நகராது. அதனால்தான் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் போடுவது. அவிழ்க்காமல் விட்டால் இரண்டு மரம் உரசுகிற இடம் காயாமல் அங்கேதான் முதலில் இற்றுப்போகும். தண்ணீரிலேயே விட்டால் கப்பல் புழு துளைக்கும்.

ஆணி அடித்திருந்தால் அவிழ்க்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று அலை. கரையலை வந்து மோதும்போது மரங்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். அசையவிடாமல் இறுக்கினால் அந்த அடி முழுவதும் ஆணித் துளையில் விழுந்து மரம் பிளக்கும். அதற்காகத் தளர்வாகக் கட்டினாலும் ஆபத்து, மரம் ஆட ஆடக் கயிறு தேய்ந்து நடுக்கடலில் அறுந்துவிடும். வாச்சியால் (மரம் செதுக்கும் உளிக்கோடரி) செதுக்கும்போதே பக்கமரம் நடுமரத்தோடு நெடுகப் பொருந்துகிறதா என்று வைத்து வைத்துப் பார்ப்பது அதனால்தான். கட்டுவதற்குத் தேங்காய் நார்க் கயிறு. நார் மரத்தைக் கவ்வும், நைலான் வழுக்கும்.

கட்டுமரத்துக்கு ஓட்டை என்பதே கிடையாது, தண்ணீர் மரங்களுக்கு இடையில் ஏறி இடையிலேயே இறங்கிப் போகும். இறைக்க வேண்டாம், மூழ்காது, கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். திறந்த கரையில், துறைமுகம் இல்லாத இடத்தில், இதைவிடப் பொருத்தமான கலம் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

---

கொண்டல்காத்து எழுதியது:

வலைஊசி அண்ணன் சொன்னதோடு ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. மாணவர்கள் "கேட்டமரான்" என்றால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு என்று நினைத்து வருவார்கள். சொல் இங்கிருந்து போனது, பொருள் அங்கே மாறிவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதும்போதே இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார், அங்கே அது கட்டிய மரத்தைத்தான் குறிக்கிறது. நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது, உள்கூடே கிடையாது.

மதராஸ் பட்டினத்துக்கு நெடுங்காலம் துறைமுகம் இல்லை. கப்பல் வெளியே நங்கூரம் போடும், ஆளும் சரக்கும் கரை வர மசூலா படகு. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தது, உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டம் எதுவும் கிடையாது. மணலில் மோதினால் நெளியும், உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் இந்த அலையில் தாங்கவில்லை. மசூலாவும் போக முடியாத கொந்தளிப்பில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். கூம்பு வடிவத் தொப்பிக்குள் தண்ணீர் புகாமல் கடிதத்தை வைத்து எடுத்துப் போவார்கள். மசூலா கவிழ்ந்தால் ஆட்களைத் தூக்கியவர்களும் அவர்களே, அதற்குப் பதக்கம் கொடுத்ததும் பதிவில் இருக்கிறது. பாரம்பரியம் எங்கே என்று கேட்டீர்களே, இந்த நகரம் கடல் வழியாகக் கரையேறியதே குப்பத்து ஆட்களின் கையில்தான்.

1861ல் கடலுக்குள் நீளும் இரும்புத் தூண் பாலம், 1875ல் துறைமுக வேலைக்கு அடிக்கல், 1881 புயலில் பெருஞ்சேதம், பிறகு மறுபடி கட்டினார்கள். அந்தத் துறைமுகம்தான் வடசென்னைக் கரையைத் தின்றது. இதை மாணவர்களுக்கு எண்ணூர் போகும் சாலையிலிருந்தே காட்டலாம், பஸ்ஸில் வலதுபக்க ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திசை மாறும். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் சேர்ந்தது, மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரம் தொட்டு எண்ணூர் வரை பல குப்பங்களில் கடலுக்கு முன்வரிசையில் இருந்த தெருக்கள் இன்று தண்ணீருக்குள். மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்.

வலைஊசி அண்ணன் விட்ட ஒன்றும் இதோடு சேர்கிறது. கட்டுமரம் கரையேறச் சரிவான மணல் வேண்டும். கல் கொட்டிய கரையில் மரத்தை எங்கே ஏற்றுவது, எங்கே அவிழ்த்துக் காயப்போடுவது? ஃபைபர் வந்ததால் மட்டும் கட்டுமரம் போகவில்லை, அது படுக்க இடமும் போனது. இப்போது இரண்டு தூண்டில் வளைவுக்கு நடுவே மணல் சேர்ந்த இடங்களில்தான் போட்டு ஏற்றுகிறார்கள்.

---

பெரம்பூர்வாசி:

மிக்க நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் கரையில் கட்டுமரத்துக்குப் பதிலாக எதைக் காட்டுவது? தெர்மோகோலில் மிதக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், நிஜமா? வலை பின்னுவதை நின்று பார்த்தால் மாணவர்களுக்கு ஏதாவது புரியுமா, இல்லை வேடிக்கை மட்டும்தானா?

---

வலைஊசி எழுதியது:

கொண்டல்காத்து சொன்ன படுக்கிற இடம் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

தெர்மோகோல் நிஜம். கட்டுமரத்தின் பேரப்பிள்ளை அது. கட்டிகளை அடுக்கி மேலும் கீழும் மூங்கில் சட்டம் வைத்து, பழைய வலையாலோ சாக்காலோ சுற்றிக் கட்டுகிறார்கள். ஒரு ஆள், ஒரு துடுப்பு, ஆற்றிலும் கரையோரத்திலும் கொஞ்சம் வலை விட அது போதும். சுற்றுவது அழகுக்கு அல்ல. வெறும் தெர்மோகோல் மணலில் உரசினால் மணி மணியாக உதிரும். பெட்ரோல் பட்டால் கரைந்தே போகும், அதனால் இன்ஜின் எண்ணெய்க் கேனை அதன் மேல் வைக்க மாட்டார்கள். கட்டுகிற முறையைக் கவனியுங்கள், முன் ஒன்று பின் ஒன்று, குறுக்குக் கட்டை, பழைய பாடமேதான்.

ஃபைபர் போட்டு சுமார் 28 முதல் 32 அடி. அடித்தளத்துக்குக் கீழே அறைகளில் நுரைப்பொருள் அடைத்திருக்கும், கவிழ்ந்தாலும் மிதப்பதற்கு. மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கத் தண்டு தேயும். விரிசல் விட்டு உப்புத்தண்ணீர் அந்த அறைக்குள் போனால் வெளியே தெரியாது, படகு காரணமில்லாமல் கனக்கும். கரையில் ஒட்டுப் போட்ட போட்டு நிறைய இருக்கும், அடியைக் குனிந்து பாருங்கள். ஈரம் காயாமல் கண்ணாடி நார் ஒட்டினால் ஒட்டு இரண்டு மாதத்தில் உரிந்து வரும். மணல்தாள் போட்டுத் தேய்த்து, நன்னீரில் உப்பைக் கழுவி, முழுதாகக் காயவிட்டுப் பிசின் பூச வேண்டும்.

வலை பற்றி. கரையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் புதிதாகப் பின்னுவதில்லை, கிழிசல் தைக்கிறார். வலை இப்போது தொழிற்சாலையில் முடைந்து வருகிறது. அதற்கு மேல் கயிறு, கீழ் கயிறு, மிதவை, ஈயமணி கோப்பதுதான் கையில். கிழிசலை அப்படியே இழுத்துக் கட்டினால் அந்த இடம் சுருங்கி, தண்ணீரில் சுவர் மாதிரி நிற்க வேண்டிய வலை பை மாதிரி தொங்கும். மீன் சிக்காது. அதனால் முதலில் கத்தியால் ஓட்டையைப் பெரிதாக்குவார். பார்ப்பவருக்கு ஐயோ என்றிருக்கும். அறுந்த நூல்களை ஒழுங்காக வெட்டி ஓரத்தைச் சீர் செய்கிறார். ஒவ்வொரு முடிச்சிலும் நான்கு கால் சேரும் இல்லையா, வெட்டும்போது ஒரு கால் மட்டும் போய் மூன்று கால் மிஞ்சிய முடிச்சு ஒன்றை மேலே விடுவார், ஒன்றைக் கீழே விடுவார். தையல் மேல் மூன்று காலில் தொடங்கி, வரிசை வரிசையாகப் போய்வந்து, கீழ் மூன்று காலில் முடிய வேண்டும். அப்போதுதான் கண்கள் (வலையின் ஓட்டைகள்) கணக்காக அடையும். நடுவில் ஒரு கண் தவறினால் கடைசியில் முடிச்சுப் போட இடம் இருக்காது, அல்லது ஒன்று மிஞ்சும். ஒற்றை நரம்பு வலை என்றால் ஒரு சுற்று முடிச்சு நழுவும், இரட்டைச் சுற்றுப் போடுவார். இடது கையின் விரல்தான் கண்ணளவு, அளவுப் பலகை இல்லாமலே ஒவ்வொரு கண்ணும் ஒன்று போல வரும். இதைப் பத்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பேசாமல் பார்க்க வேண்டும், அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்.

வலையைத் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள். மரியாதை ஒரு பக்கம். செருப்பின் கொக்கி ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் இருபது கண் போகும்.

---

ஆத்துவழி எழுதியது:

எல்லாரும் கடல் பக்கமே பேசுகிறீர்கள். எண்ணூர் குப்பங்களில் பாதி வாழ்க்கை மறுபக்கம், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழியில். உள்ளூரில் வெறுமனே "ஆறு" என்பார்கள். 8 மணிக்கு மேல் மாணவர்களை இந்தப் பக்கம் திருப்புங்கள். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் எல்லாம் இதை நம்பியவை.

இங்கே காட்ட வேண்டியது பாடு முறை. கண்ணுக்குத் தெரியாது, சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். ஆற்றில் எல்லா இடமும் ஒன்றல்ல. ஓட்டம் குவிகிற வாய்க்காலில் இறால் கொட்டும், பத்து அடி தள்ளி ஒன்றும் இருக்காது. முதலில் வந்தவன் நல்ல இடத்தைப் பிடித்தால் தினமும் அடிதடிதான். அதனால் வலை கட்டுகிற இடங்களை எல்லை வகுத்து, தலைக்கட்டுப் (குடும்பப்) பட்டியல் வைத்து, முறை போட்டு மாற்றிக்கொள்வார்கள். இன்று உனக்கு நல்ல இடம், அடுத்த முறை எனக்கு. குப்பங்களுக்குள்ளும் நாள் முறை உண்டு. பழவேற்காட்டிலும் இதே ஏற்பாடுதான். ஒருவன் எவ்வளவு பிடித்தான் என்பதை ஊர் கேட்காது, யார் எந்த இடத்தில் எந்த நாளில் என்பதை மட்டும் கேட்கும். எழுத்தில் இல்லாத சட்டம். வரலாறு மாணவர்களுக்கு இதைவிட நல்ல கல்வெட்டு வேண்டுமா?

வலை கட்டுவது ஏற்றவற்றத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பார்த்து. சென்னைக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம் இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலம், அஷ்டமிவாக்கில் மந்தம். கம்பு நட்டு வாய்க்காலுக்குக் குறுக்கே வலை கட்டி, வற்றத்தில் கடலை நோக்கி இறங்குகிற இறாலைப் பிடிப்பார்கள். கம்பு தளர்ந்தால் ஓட்டம் வலையின் அடியைத் தூக்கிவிடும், இறால் அடிவழியாகவே போய்விடும். எனவே கம்பை ஆட்டி ஆட்டிச் சேற்றில் ஆழமாக இறக்குவதில்தான் பாதி வேலை. வற்றம் இருக்கிற காலையாகப் பார்த்து நாள் குறித்தால் இதைப் பார்க்கலாம்.

அதே நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்களும் தெரிவார்கள். பல்லில் கவ்வியிருக்கும் ஓலைப் பைக்குப் பெயர் பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பை வாயில். முதலீடு அந்தப் பை மட்டும்தான்.

சொல்லாமல் விடக் கூடாதது: இந்த ஆற்றில் சாம்பல் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகப் படிந்து பல இடங்களில் ஆழம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. நைலான் வலையில் எண்ணெய் பிடித்தால் கழுவி மீட்க முடியாது. வெளுத்தாலும் நாற்றம் போகாது, முழு வலையையும் தூக்கிப் போட வேண்டியதுதான். முகத்துவாரம் மணல் அடைத்தால் ஏற்றம் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது, போட்டும் வெளியே போக முடியாது. "அழகான கிராமம்" என்று மட்டும் காட்டிக் கூட்டிப்போனால் மாணவர்கள் பாதியைத்தான் பார்ப்பார்கள். எதிர்க்கரையில் புகைக்கூண்டு தெரியும் இடத்தில் நின்றே இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கரையில் பேச்சுக் கொடுக்கும்போது "வெள்ளம்" என்றால் மழைவெள்ளம் என்று எண்ணிவிடாதீர்கள், கடலின் நீரோட்டத்துக்கு அதுதான் பெயர். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. காற்றுக்கு வாடை, கொண்டல் என்று தனிப் பட்டியல். "இன்னிக்கு என்ன வெள்ளம்ணே?" என்று மாணவர் ஒருவர் கேட்டால் போதும், அரை மணி நேரம் பாடம் கிடைக்கும்.

---

கூடைக்காரி எழுதியது:

மீன் விஷயத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

காசிமேடா குப்பமா என்றால், எதற்கு என்று பார்க்க வேண்டும். காசிமேட்டில் வகை அதிகம்: வஞ்சிரம், வவ்வால், சங்கரா, சுறா, கடம்பா எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் விசைப்படகு பல நாள் கடலில் தங்கி வருவது, மீன் அத்தனை நாளும் ஐஸில் இருந்தது. கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, "இன்னிக்குப் பிடிச்சது" என்பது மட்டும் உண்மையில்லை. ஏலம் விடிவதற்கு முன்னாலேயே நடக்கும், ஞாயிறு கூட்டத்தில் 12 பிள்ளைகளைத் தொலைத்துவிடுவீர்கள். குப்பத்துக் கரையில் வருவது ராத்திரி வலை. வகை குறைவு. நெத்திலி, கவளை, காணாங்கத்தை, கிழங்கான், நண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம். எடை போட மாட்டார்கள், கூறு கட்டி விற்பார்கள். கூறில் மேலே பெரியது, அடியில் பொடிசு, கையை விட்டுப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். பேரம் பேசலாம். பேசி முடித்துவிட்டு வேண்டாம் என்று நகர்ந்தால்தான் பேச்சு வாங்குவீர்கள்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பு நல்லது, செங்கல் நிறத்துக்கு மாறினால் நேரமாகிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. கவளை, நெத்திலி இரண்டுக்கும் வயிறுதான் முதலில் உடையும், வயிறு பிளந்திருந்தால் வேண்டாம். காணாங்கத்தை, கவளை, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் உடம்பு அரிக்கிற, முகம் சிவக்கிற நஞ்சு உண்டாகும். கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள், ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். மீன் அடியில், ஐஸ் மேலே என்று வைக்காமல் அடுக்கடுக்காகப் போடுங்கள். உருகின தண்ணீரில் மீன் ஊறக் கூடாது, வடிய வழி வேண்டும்.

கருவாடு போடுகிற இடத்தையும் காட்டுங்கள். நெத்திலி மாதிரி பொடி மீனுக்கு உப்பே வேண்டாம், கழுவி அப்படியே பரப்பினால் நல்ல வெயிலில் இரண்டு நாள். பெரிய மீன் என்றால் குடலெடுத்து, முதுகுவாட்டில் பிளந்து, நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. சதைப்பற்று அதிகம் என்றால் மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ. தொட்டியில் ஒரு ராத்திரி ஊறவைத்து, உப்புத்தண்ணீரிலேயே அலசி, வெயிலில் இரண்டு மூன்று நாள். மணலில் நேராகப் பரப்பினது பல்லில் நறநறக்கும். மூன்றடி உயரத்தில் வலை கட்டிக் காயவைத்தால் அடியிலும் காற்றுப் படும், நாய் வாய் வைக்காது. உச்சி வெயிலில் அவசரப்படுத்தினால் மேல்தோல் இறுகிப் பூட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் நிற்கும், வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் நாறும். வாங்கும்போது நடுவில் மடக்கிப் பாருங்கள், ஈரமாக வளைந்தால் வேண்டாம். மேலே இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தால் உப்பளத்து உப்போடு வருகிற கிருமி, அதுவும் வேண்டாம். வீட்டில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் சுற்றி டப்பாவில் வையுங்கள்.

ஆடி மாதத்து ஞாயிறு என்றால் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். நீட்டினால் வாங்கிக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மாசி மகத்தன்று கடற்கரைக்குச் சாமி வரும், அன்று போனால் கூட்டத்தில் படகு எதுவும் பார்க்க முடியாது.

---

பெரம்பூர்வாசி:

அக்கா, அண்ணன்மாரே, எல்லாருக்கும் நன்றி. திட்டம் இப்படி: 5.30க்கு நெட்டுக்குப்பம், 6 முதல் 8 வரை போட்டு கரையேறுவது, வலை தைக்கிற இடத்தில் நான்கு நான்கு பேராக, 8.30க்கு ஆற்றுப் பக்கம், 10க்கு ஸ்டேஷன். பஞ்சாயத்தில் பேசி வற்றம் பார்த்து நாள் குறிக்கிறேன். காசிமேட்டை விட்டுவிட்டேன். ஒரே சந்தேகம், மாணவர்களை ஷூ போட்டு வரச் சொல்லவா?

---

முகத்துவாரம்:

ஷூ வேண்டாம். போட்டு இழுக்க அலையில் இறங்கினால் ஷூவுக்குள் மணலும் தண்ணீரும் ஏறிக் கல்லாகக் கனக்கும். வார் வைத்த ரப்பர் சாண்டல் சரி. வெறுங்காலும் கூடாது, கரையில் உடைந்த சிப்பியும் பழைய தூண்டில் முள்ளும் கிடக்கும். கருங்கல் மேல் பச்சைப்பாசி தெரிந்தால் எந்தச் செருப்பும் நிற்காது, அங்கே ஏறவே வேண்டாம்.

---

வலைஊசி:

கொக்கி இல்லாத சாண்டல்.